அழுக்கு எங்கே போகிறது?

புதுச்சேரியில் இரும்போடு பழகுகிறவர்களுக்குக் கடற்காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. குருசுக்குப்பத்திலோ வம்பாகீரப்பாளையத்திலோ வாசலில் நிறுத்திவைத்த சைக்கிளின் செயின், மழையே பெய்யாவிட்டாலும் சில நாளில் செம்பழுப்பு ஏறிவிடும். அதற்குப் பயந்து கிரீஸ் பூசுகிறோம். பூசிய கிரீஸில், காற்று கொண்டுவரும் மணலும் உப்பும் ஒட்டிக்கொள்கின்றன. மணல் ஏறிய கிரீஸ் அதன்பிறகு மசகாக இருப்பதில்லை. வால்வு சரியாக உட்காருவதற்காக மெக்கானிக்குகள் வைத்துத் தேய்க்கும் கிரைண்டிங் பேஸ்ட்டைப் போல, தான் காக்க வேண்டிய இரும்பையே அது தேய்த்துத் தின்கிறது. இந்த ஊரில் ரிப்பேர் என்றால் அதில் பாதி வேலை கழுவுவதுதான்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் மெக்கானிக் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பாகங்களைக் கழற்றி மேஜையில் பரப்பியதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "எதுல கழுவணும் சார்?" என்பதுதான். நல்ல கேள்வி. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கும்படி ஒவ்வொரு வருடத்துப் பிள்ளைகளிடமும் சொல்லிவந்தேன்: கழுவிய அழுக்கு எங்கே போகும்? அழுக்கு அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. பாகத்தை விட்டு எண்ணெய்க்குப் போகிறது. அங்கிருந்து நம் கைக்கோ, மூச்சுக்கோ, சாக்கடைக்கோ, மண்ணுக்கோ போகிறது. எதில் கழுவுவது, என்ன ஏற்பாட்டில் கழுவுவது என்று முடிவுசெய்யும்போதே அந்த அழுக்கை எங்கே அனுப்புவது என்பதையும் முடிவுசெய்துவிடுகிறோம். இத்தனை வருடத் தொழிலில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது.

முதலில் கழுவப்போகும் அழுக்கு எது என்று பார்க்க வேண்டும். கிரீஸ் என்பது எண்ணெயும் சோப்பும் சேர்ந்த பண்டம். நம் கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை லித்தியம் சோப் சேர்த்தவை. சோப்பின் மெல்லிய இழைகளுக்குள் எண்ணெய் சிக்கி நிற்பதால்தான் கிரீஸ் வழிந்து ஓடாமல் இருந்த இடத்தில் இருக்கிறது. மண்ணெண்ணெயில் போட்டால் எண்ணெய் கரைந்துவிடும், சோப் கரையாது. கொழகொழவென்று அங்கேயே நிற்கும். அதனால்தான் ஊறவைத்தால் மட்டும் போதாது, பிரஷ் போட்டுத் தேய்த்தாக வேண்டும். சைலன்சரிலும் பிஸ்டன் தலையிலும் படிந்த கரி எந்த எண்ணெயிலும் எளிதில் கரையாது. மணலும் கரையாது, அதை அடித்து வெளியேற்ற வேண்டும். உப்போ தண்ணீரில் மட்டும்தான் கரையும். எண்ணெய், மணல், கரி, உப்பு என்று நான்கு வகை அழுக்கு ஒரே பாகத்தில் இருக்க, நான்கையும் ஒரே திரவத்தில் போக்கிவிடலாம் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

அப்படி நினைப்பவர்கள் கைக்கு முதலில் வருவது பெட்ரோல். நம்மூரில் அது சுலபமாகக் கிடைக்கிறது. வரி குறைவென்பதால் பக்கத்துத் தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவாகவே இங்கே விற்றுவருகிறது. கடலூர், விழுப்புரம் பக்கத்து வண்டிகள் இங்கே வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போவதை எல்லைப் பக்கத்து பங்க்குகளில் பார்க்கலாம். ரிப்பேருக்கு வந்த வண்டியின் டேங்கிலேயே பெட்ரோல் இருக்கிறது; டியூபைக் கழற்றி ஒரு கிண்ணம் பிடித்தால் வேலை முடிந்தது. "பெட்ரோல்ல போட்டா ஒரே நிமிஷத்துல பளிச்சுனு ஆயிடும் சார், காயறதுக்கும் நேரம் ஆவாது" என்பார்கள் பிள்ளைகள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. பெட்ரோல் மிக லேசான திரவம், கிரீஸுக்குள் சட்டென்று புகும், சட்டென்று ஆவியாகும். அந்த லேசுதான் ஆபத்தும்.

ஒரு திரவத்தின் மேல் தீப்பொறி பட்டால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும் குறைந்தபட்ச வெப்பநிலையை ஃபிளாஷ் பாயிண்ட் என்பார்கள். பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே சுமார் 40 டிகிரி. அப்படியென்றால் நம்மூரில் எந்த மாதமும் எந்த நேரமும் திறந்து வைத்த பெட்ரோல் கிண்ணம் பற்றத் தயாராகவே இருக்கிறது. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளப் போதும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே எழும்பிக் கலைந்துவிடாது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். கம்ப்ரசர் மோட்டார் சுவிட்ச் இருக்கும் மூலைக்குப் போகலாம், பக்கத்துக் கடையில் வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் போகலாம், வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு முன்னால் ஏற்றிவைத்த விளக்குக்கும் போகலாம். கிண்ணத்துக்குப் பக்கத்தில் நெருப்பு இல்லை என்பது ஒரு பாதுகாப்பே இல்லை. பிளாஸ்டிக் வாளியில் ஊற்றித் துணியால் துடைத்தால் நிலைமின்சாரப் பொறியே போதும்.

தீ ஒருபுறம் இருக்கட்டும். பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் இருக்கிறது. இப்போதைய தரக் கட்டுப்பாட்டின்படி அது நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த ஒரு பங்கும் சும்மா இல்லை. ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் என்று உலகமே ஒப்புக்கொண்டது. தினமும் வெறுங்கையால் பெட்ரோலில் பாகம் கழுவும் பதினெட்டு வயதுப் பையன் அதைத் தோலாலும் மூச்சாலும் உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கிறான். முப்பது வருடம் கழித்து வரும் நோய்க்கு இன்றைய கிண்ணம் காரணம் என்று எந்த டாக்டரும் சீட்டு எழுதித் தரப்போவதில்லை.

இன்னொன்று நம்மூர்க்காரர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது. பெட்ரோல் ஆவியாகும்போது இரும்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சில்லென்று ஆன இரும்பின் மேல் கடற்காற்றின் ஈரம் வந்து படியும். தடுக்க எண்ணெய்ப் படலமும் இல்லை, அதைத்தான் துடைத்தெடுத்துவிட்டோமே. காலையில் பெட்ரோலில் கழுவி வைத்த பேரிங் ரேஸில் மாலைக்குள் துருப்புள்ளி விழுவதை எங்கள் பட்டறையில் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே காட்டியிருக்கிறேன். இப்போது பெட்ரோலில் எத்தனாலும் சேர்க்கிறார்கள், நூற்றுக்கு 20 பங்கு வரை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் வாஷர்களை ஊதவைக்கும். கோயம்புத்தூரின் காய்ந்த காற்றில் பெட்ரோல் ஆபத்தானது மட்டும்தான். புதுச்சேரியில் அது வேலைக்கும் கெடுதல்.

மண்ணெண்ணெயின் அருமையை எனக்குச் சொல்லித்தந்தவர் மில் ஃபிட்டராக இருந்த ஒரு பெரியவர். கடலூர் சாலையில் 1898-இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், நம்மூர்க்காரர்கள் வாயில் ஏ.எஃப்.டி. மில், பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. 2020-இல் மூடப்படும்வரை ஊருக்குள் நல்ல ஃபிட்டர் யார் என்று கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் கைகாட்டுவார்கள். நூற்பு இயந்திரங்களின் பல்சக்கரங்களிலும் பேரிங்குகளிலும் எண்ணெயோடு பஞ்சு சேர்ந்து திரண்டுவிடும். அதைக் கழுவாமல் ஒரு ஷிப்ட் ஓடாது. "பஞ்சு பறக்கிற எடத்துல பெட்ரோல் டப்பாவைத் தொறக்கிறவன் ஃபிட்டரே இல்ல தம்பி" என்பார் பெரியவர். அவருக்கு எல்லாமே மண்ணெண்ணெய்தான். அதிலும் கொஞ்சமாக ஊற்றி, மூடி போட்டு, மறுநாளும் அதையே பயன்படுத்துவார். அந்த ஒழுங்கை எந்தப் புத்தகத்திலும் அவர் படித்திருக்க மாட்டார். நெருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தவர்களுக்குத் தானாக வந்த ஒழுங்கு அது.

மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட மெதுவாக வேலை செய்யும். ஆனால் ஆவியாகிப் போய்விடாமல் பாகத்தோடு இருந்து வேலை செய்யும். கழுவியபின் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுவைக்கும். துரு சில மணி நேரமாவது தள்ளி நிற்கும். அதன் ஃபிளாஷ் பாயிண்ட் 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இதைக் கேட்டதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். நான் அவர்களை மே மாதத்து மதியத்தை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். அக்கினி நட்சத்திரத்தில் நம்மூர் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. தகரக் கூரைக்குக் கீழே அதற்கும் மேல். அந்த வேளையில் மண்ணெண்ணெயும் பற்றும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. அதனால் கோடையில் கழுவும் வேலையைக் காலை ஒன்பது மணிக்குள் நிழலில் முடித்துவிட வேண்டும். இன்ஜின் சூட்டோடு இருக்கும்போது கழற்றிய பாகத்தை எந்தக் காலத்திலும் அப்படியே உள்ளே போடக் கூடாது.

சிக்கல் என்னவென்றால் மண்ணெண்ணெய் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. நீல நிற ரேஷன் மண்ணெண்ணெய் வீட்டுக்கு வீடு ஒரு கேனில் இருந்த காலம் போய்விட்டது. கேஸ் அடுப்பு வந்ததால் வீட்டுப் பெண்களின் கண்ணும் நுரையீரலும் பிழைத்தன, அது நல்லதற்குத்தான். பட்டறைகள்தான் பெட்ரோல் பக்கம் சாய்ந்துவிட்டன. அப்படிச் சாயத் தேவையில்லை. பெயிண்ட் கடையில் டர்பன்டைன் என்று விற்பது பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்த மினரல் டர்பன்டைன்தான், மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவு. கிரீஸை நன்றாக எடுக்கும், காய்ந்தபின் பிசுபிசுப்பு குறைவு. மண்ணெண்ணெய்க்குச் சொன்ன எச்சரிக்கை எல்லாம் இதற்கும் பொருந்தும். டீசல் இன்னும் மெதுவானது, கனமான படலத்தை விடும், வாடையும் போகாது. ஆனால் பெரிய கியர் பெட்டி, படகு இன்ஜின் போன்றவற்றின் முரட்டு அழுக்குக்கு முதல் கழுவலாக டீசல் போதும். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை செய்பவர்கள் கையில் எப்போதும் இருப்பதும் அதுதான்.

தின்னரைப் பாகம் கழுவப் பயன்படுத்தாதீர்கள். அது பெயிண்ட்டை உரிக்கும், பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுக்கும், மூடிய அறையில் தலையைச் சுற்றவைக்கும். ஒரு காலத்தில் தீயே பிடிக்காத திரவம் என்று கார்பன் டெட்ராகுளோரைடைக் கொண்டாடினார்கள். துணியிலிருந்து இயந்திரம் வரை எல்லாவற்றையும் அதில் கழுவினார்கள். கல்லீரலைக் கெடுத்தது, ஓசோன் படலத்தையும் கெடுத்தது. மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி 2010 தொடக்கத்தோடு இந்தியாவில் இந்தப் பயன்பாடு நின்றது. அதே குளோரின் குடும்பத்தைச் சேர்ந்த திரவங்கள் சில பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் இன்றும் உண்டு. அதை அடித்த பாகத்தை ஈரம் காயாமல் வெல்டிங் செய்தால், முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட பாஸ்ஜீன் வாயு உண்டாகக்கூடும். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் எந்த ஸ்பிரேயையும் வெல்டிங் பட்டறைக்குள் கொண்டுபோகக் கூடாது.

இனி உப்பின் கதை. கடலோர ஊருக்கு இதுதான் முக்கியம், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு மண்ணெண்ணெயில் ஊறவைத்தாலும் உப்பு போகாது. கிரீஸ் போய்ப் பளபளவென்று தெரியும் பாகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு அப்படியே இருக்கும். அதன் மேல் புதுக் கிரீஸ் பூசினால் துருவை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். அதனால் நம்மூரில் மண்ணெண்ணெய் குளியலுக்குப் பிறகு சோப்புத் தண்ணீர் குளியலும் வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் பாத்திரம் துலக்கும் சோப்போ துணி துவைக்கும் தூளோ போதும். மிச்சமிருக்கும் எண்ணெயைச் சோப்பு பிடித்துத் தண்ணீரோடு கொண்டுபோகும், உப்பைத் தண்ணீரே கரைக்கும். கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர் வேண்டும். கடலை ஒட்டிய தெருக்களின் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கிறது. அதில் அலசினால் எடுத்த உப்பைத் திரும்பக் கொடுத்த கணக்குதான். அலசியதும் துணியால் துடைத்து, வெயிலில் சூடேறிய தகரத்தின் மேல் பரப்பிக் காயவைத்து, சூடு ஆறும் முன்பே எண்ணெய் பூசிவிட வேண்டும். இதில் "அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது.

சோப்பு போதாதென்று சிலர் காஸ்டிக் சோடாவுக்குப் போகிறார்கள். அது வெறும் இரும்புக்கு மட்டுமே ஆகும், அதுவும் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. கார்புரேட்டர், கிராங்க் கேஸ், பிஸ்டன் எல்லாம் பெரும்பாலும் அலுமினிய அல்லது துத்தநாகக் கலவை வார்ப்புகள். காஸ்டிக் சோடாவில் விழுந்தால் நுரை பொங்கும். அந்த நுரையில் இருப்பது ஹைட்ரஜன் வாயு, அதுவும் பற்றும். பாகமோ கறுத்து, குழி விழுந்து, குப்பைக்குத்தான் போகும்.

இப்போது ஏற்பாட்டுக்கு வருவோம். பெரிய சர்வீஸ் சென்டர்களில் பம்பு வைத்த கழுவும் தொட்டிகள் இருக்கின்றன. சிறிய பட்டறைக்கும் வீட்டுக்கும் அது வேண்டாம். 15 கிலோ எண்ணெய் டின் ஒன்றை நீளவாக்கில் வெட்டி, ஓரத்தைக் கை கிழிக்காமல் மடித்தால் இரண்டு தொட்டிகள் கிடைக்கும். ஒன்று அழுக்குத் தொட்டி, மற்றொன்று சுத்தத் தொட்டி. அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு கம்பிச் சல்லடையை வைத்தால், மணலும் இரும்புத் தூளும் கீழே இறங்கித் தங்கும், பாகங்கள் மேலேயே நிற்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அடியில் போட்டுவைத்தால் இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். உருண்டோடும் குண்டுகளைப் பிடிக்க டீ வடிகட்டி ஒன்று. கம்பி பிரஷ் வேண்டாம், நைலான் பிரஷ் போதும்; கரி சுரண்ட மூங்கில் சிம்பு. துடைக்கப் பனியன் வேஸ்ட். ஒவ்வொரு தொட்டிக்கும் தகர மூடி அவசியம். இந்தச் சாமான்களில் முக்கால்வாசி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் கிடைத்துவிடும். தொட்டி உலோகமாக இருப்பது நல்லது, இடம் திறந்த வெளியாக இருப்பது கட்டாயம்.

ஒரு சைக்கிளின் பின்சக்கர ஹப்பை எடுத்துக்கொள்வோம். கோனைத் திருகி ஆக்ஸிலை உருவியதும் உள்ளே கறுப்பு மெழுகு அடைத்திருப்பது தெரியும். அதை அப்படியே தொட்டியில் போடக் கூடாது. முதலில் மூங்கில் சிம்பால் வழித்து ஒரு பழைய செய்தித்தாளில் எடுக்க வேண்டும். இப்படி உலர்வாக வழித்து எடுக்கும் ஒவ்வொரு கரண்டிக்கும் அந்த அளவு மண்ணெண்ணெய் அழுக்காகாமல் தப்பிக்கிறது. வழக்கமாகப் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலக் குண்டுகள் இருக்கும். அவற்றை வடிகட்டியில் போட்டு முதல் தொட்டியில் குலுக்கினால் கறுப்பு மேகம் கிளம்பும். பிரஷால் கப்பின் உட்புறத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, வெளியே வடியவிட்டு, அதன்பிறகே இரண்டாம் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டாம் தொட்டியில் இரண்டு அலசல். துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் கோனின் மேல் குண்டுகள் ஓடிய தடம் வெள்ளிக் கோடாகத் தெரியும். கோடு வழவழவென்று இருந்தால் அந்தக் கோன் இன்னும் பல வருடம் ஓடும். நகத்தால் வருடும்போது எங்காவது தடுக்கினால், அம்மைத் தழும்பாய்க் குழி விழுந்திருந்தால், மாற்றியாக வேண்டும். கழுவாமல் கிரீஸை மட்டும் திணித்துக் கொடுக்கும் கடையில் இந்தக் குழியை யாரும் பார்ப்பதில்லை. பாகத்தின் நிலைமை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு சிரத்தையாகக் கழுவுகிறோம்.

எல்லாவற்றையும் கழுவலாம் என்றும் நினைக்கக் கூடாது. இருபுறமும் ரப்பர் மூடியுள்ள சீல்டு பேரிங்கை மண்ணெண்ணெயில் போட்டால் உள்ளே இருக்கும் நல்ல கிரீஸ் கரைந்துபோகும், அழுக்கும் உள்ளே போய்த் தங்கும். அதை வெளியே துடைத்தால் போதும். பிரேக் ஷூ, ஆயிலில் ஓடாத உலர் வகைக் கிளட்ச் பிளேட் ஆகியவற்றில் எந்த எண்ணெயும் படக் கூடாது. காற்றடித்துக் காயவைக்கும்போது பேரிங்கை விரலில் மாட்டிக் கம்ப்ரசர் காற்றால் சுழற்றிவிடுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. மசகில்லாமல் அந்த வேகத்தில் சுழலும் பேரிங் உடைந்து சிதறினால் கண்ணைத்தான் தேடி வரும். என் வகுப்பில் அந்த விளையாட்டுக்கு இடமே கிடையாது.

சாயங்காலம் தொட்டிகளில் மிஞ்சியிருக்கும் எண்ணெய்தான் தொழில்காரனின் குணத்தைக் காட்டும். அழுக்கு மண்ணெண்ணெயை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி இரவு முழுவதும் அசைக்காமல் வைத்துப் பாருங்கள். காலையில் மேலே தேன் நிறத்தில் தெளிந்திருக்கும். அடியில் ஒரு விரல் கனத்தில் கறுப்புச் சேறு. இடையில் கலங்கலாக ஒரு வரி. மேல் தெளிவைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பத்திரப்படுத்தினால் அதுவே இன்றைய முதல் தொட்டிக்கு ஆகும். நேற்றைய இரண்டாம் தொட்டி இன்றைக்கு முதல் தொட்டியாகலாம். புது எண்ணெய் எப்போதும் இரண்டாம் தொட்டிக்கே போகும். இந்த முறையில் ஒரு சிறிய பட்டறை சில லிட்டரை வைத்துக்கொண்டே வாரக்கணக்கில் ஓட்ட முடியும். அடியில் நின்ற சேற்றை மூடியுள்ள தனி டின்னில் சேர்க்க வேண்டும். கழிவு இன்ஜின் ஆயிலோடு அதைக் கலக்கக் கூடாது. கலந்தால் ஆயிலை மறுசுத்திகரிப்பு செய்வது கடினம்.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. மண்ணெண்ணெய் கிரீஸைக் கரைப்பதைப் போலவே தோலுக்கு இயற்கை கொடுத்த எண்ணெயையும் கரைத்துவிடும். பழைய மெக்கானிக்குகளின் விரலிடுக்கில் வெடிப்பும் அரிப்பும் இருப்பது அதனால்தான். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண ரப்பர் கையுறை எண்ணெயில் ஊறிக் கிழிந்துவிடும். கையில் ஒட்டிய கிரீஸைப் போக்கத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்து, பிறகு மரத்தூளும் சோப்புத்தூளும் கலந்து கழுவினால் போதும். கை கழுவப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

சேற்றை ஏன் இவ்வளவு பத்திரமாகச் சேர்க்க வேண்டும்? இந்த ஊர் குடிப்பது நிலத்தடி நீரை. பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தைப் பார்த்து எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறோம். அது ஒரு தண்ணீர் நினைவுச் சின்னம். முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வந்ததன் அடையாளமாக, பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில் எழுந்தது. குளம் வெட்டித் தண்ணீர் தந்த ஆயியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தண்ணீர் கொடுத்தவளுக்கு மண்டபம் எழுப்பிய ஊர் இது. அதே தண்ணீருக்குக் கீழிருந்து கடல் உப்பு ஏறிவருகிறது. அளவுக்கு மீறி உறிஞ்சியதன் பலன் அது. மேலிருந்து எண்ணெயையும் நாமே இறக்கினால் நம் பிள்ளைகள் எதைக் குடிப்பார்கள்? நம் மண் மணற்பாங்கானது, பட்டறை வாசலில் கொட்டிய எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் களிமண் இல்லை. குடிநீரில் எண்ணெய் வாடை வர மிகச் சிறிய அளவே போதும். சாக்கடையில் ஊற்றினாலும் கணக்கு மாறாது. வெள்ளை நகரத்தையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்கால் வழியாகப் போகும் ஊரின் அழுக்கு, நம் மீனவர்கள் வலை வீசும் கடலுக்குத்தான் போகிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். விடிந்ததும் இடுப்பளவு தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக ஒரு படலம் மிதந்ததைப் பார்த்தேன். மூழ்கிய வண்டிகளின் எண்ணெய் கொஞ்சம், மூடியில்லாத டின்களிலிருந்து கிளம்பிய கழிவு எண்ணெய் கொஞ்சம். அந்தப் படலம் வீட்டுச் சுவரில் ஒரு கோடு போட்டது. தரைமட்டத் தண்ணீர்த் தொட்டிகளுக்குள்ளும் இறங்கியது. வருடக்கணக்கில் பட்டறை மூலைகளில் திறந்து கிடந்ததெல்லாம் ஒரே இரவில் தெருவுக்குச் சொந்தமாகிவிட்டது. புயல் அடிக்கடி வரும் கரையில் வாழ்கிறோம். இங்கே மூடியில்லாத டின் என்பது, என்றோ ஒரு நாள் ஊர்க் கிணற்றில் ஊற்றப்படப் போகும் எண்ணெய்தான்.

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. 2016-இல் வந்த அபாயகரக் கழிவு விதிகளில் கழிவு எண்ணெயும் எண்ணெய்ச் சேறும் அபாயகரக் கழிவுப் பட்டியலில் இருக்கின்றன. 2023-இல் செய்த திருத்தத்தின்படி, 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரித்து விற்கும் நிறுவனங்களே தங்கள் கழிவு எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். விதி இருக்கிறது, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளிலிருந்து தெருமுனைக் கடைவரை அது இறங்கி வர ஒரு வழி வேண்டும். பகுதிக்கு ஒரு பூட்டுப் போட்ட டிரம், மாதம் ஒரு நாள் வந்து எடுத்துப்போக ஒரு வண்டி. மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமமும் நகராட்சியும் சேர்ந்தால் இது பெரிய செலவில்லை. மெக்கானிக்கைப் பயமுறுத்தி அபராதம் போடுவதைவிட, கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடத்தைக் காட்டுவதே பலன் தரும்.

ஆனால் அரசாங்கத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை நம் கையிலேயே இருக்கிறது. சின்னப் பட்டறைக்காரர் பெட்ரோல் கிண்ணத்தை எடுப்பது அறியாமையால் மட்டுமில்லை. அரை மணி நேரத்தில் வண்டி வேண்டும், கூலியிலும் பேரம் வேண்டும் என்று நாம் தலைக்கு மேல் நிற்கிறோம். இரண்டு தொட்டி வைத்து, சோப்பில் அலசி, காயவைத்துக் கொடுக்க அவருக்கு நாம் நேரமும் தருவதில்லை, காசும் தருவதில்லை. அடுத்த முறை வண்டியை விடும்போது இரண்டே கேள்வி கேளுங்கள்: எதில் கழுவுகிறீர்கள், கழுவிய எண்ணெயை எங்கே வைக்கிறீர்கள்? மூடியுள்ள டின்னைக் காட்டும் கடைக்கே வண்டியைக் கொடுங்கள். வண்டியை எடுக்க மறுநாள் வாருங்கள். அவர் கேட்கும் கூலியைக் குறைத்துப் பேசாதீர்கள்.